மூடி போட்டு அவித்த கிழங்கு

மகன்,

உனக்கும் மருமகளுக்கும் என் பேத்திக்கும் சலாம். இதற்குப் பிறகு சுகம் விசாரிப்பதுதான் வழக்கம். போன வெள்ளிக்கிழமைதான் உங்கள் மூவரையும் கண்ணால் கண்டேன், சுகமாகத்தான் இருக்கிறீர்கள். ஆகவே அந்த இடத்தை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வராவிட்டால் இந்தத் தாளும் முந்தியவற்றைப் போல அடுப்புக்குள் போய்விடும். இதே கடிதத்தை இதற்கு முன் இரண்டு தடவை எழுதி எரித்திருக்கிறேன். ஒன்று உன் சுன்னத்துக் கல்யாணம் முடிந்த கிழமை, மற்றது நீ மாப்பிள்ளையாகி அக்கரைப்பற்றுக்குப் போன கிழமை. இரண்டு முறையும் பாதியில் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். இந்த முறை அப்படி எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் புறப்படும் நேரம் வேலியடியில் நின்று நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் ஞாபகம் இருக்கிறது. "உம்மா, வாற கிழமை புள்ளைக்குச் சாப்பாடு தொடங்கப் போறம். எல்லாரும் வாங்க. இஞ்சிப் பெரியம்மாவ மட்டும் விரலக் கட்டிட்டு வரச் சொல்லுங்க." உன் மாமியார் சிரித்தார். உன் வாப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் ராத்தா, உன் பெரியம்மா, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். நீ அவரைக் காணவில்லை. அவர் கொடியிலிருந்து வலது கையை எடுத்து, சுட்டுவிரலை உள்ளே மடித்து, பொத்திய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இடது கையால் மிச்ச உடுப்பைக் காயப்போட்டார். இருபத்து நான்கு வருடமாக அந்தப் பகிடி நம் குடும்பத்தில் ஓடுகிறது. அன்று வரைக்கும் அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

நீ பிறந்தபோது நான் மனையியல் ஆசிரியை. பயிற்சிக் கலாசாலை முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டி நிறையக் குறிப்புக் கொப்பிகள் வைத்திருந்தேன். பாலூட்டும் தாயின் உணவு, குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் முறை என்று தலைப்புக்குத் தலைப்பு சிவப்பு மையில் கோடிட்டு. லீவு முடிய உன்னை ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். என் உம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வளவில், நடுவே ஒரு வேலி போட்டு, வீடு கொடுத்திருந்தார். என் வாசலிலிருந்து ராத்தாவின் வாசலுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். ராத்தாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை வயிற்றோடு போனது. அதற்குப் பிறகு கையில் கிடைத்த முதல் பிள்ளை நீ. பகலெல்லாம் அவர் தோளில் கிடந்தாய். பின்னேரம் நான் வந்து சேலையை மாற்றிக்கொண்டு கை நீட்டினால், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாய். "பாரன்கா, டீச்சரக் கண்டு பயப்படுறான்" என்று ராத்தா சிரிப்பார். அவர் குத்திச் சொல்லவில்லை, மகன். குத்தியது எனக்குத்தான். அந்தச் சிரிப்பை ஒவ்வொரு பின்னேரமும் எண்ணி வைத்துக்கொண்டேன்.

உனக்கு ஆறு மாதம் ஆகும் தறுவாயில்தான் எழுபத்தெட்டுச் சூறாவளி. அது பற்றி உனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். விழுந்த தென்னைகளை, கடலோரத்தில் காணாமல் போன வீடுகளை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. நம் வளவில் நடந்தது மட்டும் இதற்கு வேண்டும். குசினிக் கூரை பறந்துவிட்டது. விறகெல்லாம் நனைந்துபோனது. பின்வளவில் நின்ற மரவள்ளி அத்தனையும் வேரோடு சாய்ந்து, கிழங்கு பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது. வாப்பா எல்லாவற்றையும் பிடுங்கி மூலையில் குவித்தார். இரண்டு நாள் அதைத்தான் அவித்துத் தின்றோம், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். பள்ளிக்கூடத்துக்கும் கூரை இல்லை. ஆகவே பல மாதத்துக்குப் பிறகு முழுப் பகலும் நான் உன்னோடு இருந்தேன். நீயோ முழுப் பகலும் ராத்தாவின் வாசலைப் பார்த்து அழுதாய்.

ஐந்தாம் நாள் பால்மா டின்னின் அடியைக் கரண்டி சுரண்டியது. வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து என் பால் முக்கால்வாசி வற்றியிருந்தது. விடியற்காலை ராத்தா வந்தார். கையில் இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணிக் கோப்பை. நீ காலை மடக்கி மடக்கி அழுதாய். "வயித்தில காத்து" என்று சொல்லி, கோப்பைக்குள் விரல் நுனியைத் தொட்டு உன் நாக்கில் வைத்தார். ஒரு சொட்டுக்கூட இருக்காது. பக்கத்து வளவு ஆசியா நெருப்பு வாங்க வந்தவள், அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ராத்தா என்னிடம் சொன்னார்: "சங்கக்கடைக்குப் பால்மா வருதாம். நான் போய் வரிசையில நிக்கிறன். வெள்ளிக்கிழமை பொறக்கட்டும், பிஸ்மி சொல்லி இவனுக்குக் கஞ்சித்தண்ணி தொடங்குவம். அரிசி கொஞ்சம் எடுத்து வெச்சிரிக்கன்." அந்த நாட்களில் அரிசி எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. அவர் போனதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். முதல் சாப்பாட்டையும் அவர்தானா கொடுப்பார்?

மரவள்ளியைப் பற்றி நம் ஊரில் எழுத்தறியாத பெண்ணுக்கும் மூன்று விஷயம் தெரியும். பிடுங்கிய அன்றே அவிக்க வேண்டும். வெட்டினால் உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தால் எறிய வேண்டும். அவிக்கும்போது மூடி போடக் கூடாது, நஞ்சு ஆவியோடு போக வேண்டும். நாலாவதாக ஒன்றும் சொல்வார்கள்: மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சேரக் கூடாது. முதல் மூன்றும் என் கொப்பியில் இருந்தன. நாலாவதைப் பற்றி எங்கள் விரிவுரையாளர், அது ஊர்ப் பேச்சு, நிரூபணம் கிடையாது என்று சொல்லித் தந்திருந்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பிறகு வரும்.

மூலையில் மிஞ்சிக் கிடந்த கிழங்கில் ஒன்றை எடுத்து வெட்டினேன். உள்ளே தையல்நூல் போல நீலம் ஓடியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. நீலம் கடுமையாக இருந்த இடங்களை அரிந்து எறிந்துவிட்டு, வெள்ளையாகத் தெரிந்ததைக் கழுவிச் சட்டியில் போட்டேன். நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கூரையில்லாத குசினி, மழை தூறத் தொடங்கியது. சட்டிக்குள் துளி விழுந்தது, கரியும் விழுந்தது. மூடியை எடுத்துப் போட்டேன். அந்தக் கணத்தில் என் கொப்பியின் அந்தப் பக்கம் கண்ணுக்குள் வந்தது, மகன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. ராத்தா திரும்பி வருவதற்குள் அவிந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

தேங்காய்க்கு அப்போது பஞ்சமில்லை, நிலமெல்லாம் தேங்காய். பால் பிழிந்து, கிழங்கைக் கூழாக மசித்து, உன்னை மடியில் வைத்து பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி நுனியில் ஊட்டினேன். நீ நாக்கைச் சுழற்றினாய். முகத்தைச் சுளித்தாய். பிறகு குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தாய். முதல் நாள் ஒரு கரண்டி, அதற்கு மேல் கூடாது. அதுவும் சிவப்பு மையில் கோடிட்ட வரிதான். நான் ஒரு சிறு கோப்பை நிறைய ஊட்டினேன். பசியில்தான் திறந்தாய். எனக்கோ, என் பிள்ளை முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து வாய் திறக்கிறான் என்று இருந்தது. கண்ணீர்கூட வந்தது. மிச்சத்தை நான் தின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே தலை சுற்றியது. புகையால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். நீ கக்கினாய். மறுபடி கக்கினாய். பிறகு அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்றதுதான் பயம். துவண்டுபோய், மூச்சு மட்டும் ஓடிவந்த நாயின் மூச்சுப் போல வேகமாக. வாப்பா சைக்கிளை எடுத்தார். வீதியில் ஒவ்வொரு முறிந்த மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கித் தூக்கிக் கடக்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார வழியில்லாமல், உன்னை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ஆசியாவும் வந்தாள். சங்கக்கடைச் சந்தியில் எங்களைக் கண்ட ராத்தா, கையில் பால்மாப் பெட்டியோடு அப்படியே கூட ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி விறாந்தையெல்லாம் ஓடு வெட்டிக் காயப்பட்டவர்களும் மரம் விழுந்து அடிபட்டவர்களும். அந்த நெருக்கத்துக்குள் டொக்டர் உன்னை வாங்கிக்கொண்டு, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "மரவள்ளி" என்றேன். "மூடி போட்டு அவிச்சதா, திறந்து அவிச்சதா?"

"திறந்துதான்."

மகன், என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அது. அவர் உன் வயிற்றைக் கழுவ உள்ளே கொண்டுபோனார்; திறந்தாலும் மூடினாலும் செய்திருப்பது அதையேதான் என்று பிறகு பல முறை சொல்லி என்னைத் தேற்றியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொய் டொக்டருக்காகச் சொன்னது அல்ல. பக்கத்தில் நின்றவர்களுக்காகச் சொன்னது.

"திறந்து அவிச்சா ஏன் இப்பிடி வருது? இஞ்சி கிஞ்சி பட்டிச்சா?" என்று விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் கேட்டார்.

ஆசியா வாயில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! விடியத் தேத்தண்ணில தொட்டு வெச்சாவேகா!"

எல்லோரும் ராத்தாவைப் பார்த்தார்கள். ராத்தா தன் விரலைப் பார்த்தார். பால்மாப் பெட்டி கீழே விழுந்தது. "நான்தான் வெச்சன்," என்றார். "நான்தான் புள்ள வெச்சன். நீ கிழங்கு குடுப்பா எண்டு எனக்குத் தெரியாதே. நான்தான்..." என் காலைப் பிடிக்கக் குனிந்தார். என்னை விடப் பதினொரு வயது மூத்தவர். நான் செய்தது, காலை இழுத்துக்கொண்டது மட்டும். அது ஊர்ப் பேச்சு, நிரூபணம் இல்லை என்று வகுப்பில் நான் நாளைக்கே சொல்லிக் கொடுக்கக்கூடிய அந்த ஒரு வரி என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

மூன்றாம் நாள் நீ என் மார்பைத் தேடினாய், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வந்தோம். ராத்தா எங்கள் வாசல் வரை வந்தார், படி ஏறவில்லை. நீ அவரைக் கண்டு இரண்டு கையையும் நீட்டித் துள்ளினாய். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ட கை வேணாம்கா. நீயே வெச்சிக்க," என்று திரும்பிப் போனார். நீ சாயங்காலம் வரை அழுதாய். அதற்குப் பிறகு அழுவது குறைந்தது. பிறகு என்னிடமே வந்தாய். இனி எழுதுவதுதான் நான் இரண்டு முறையும் எழுதாமல் விட்டது: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயத்தினால் மட்டும் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை, மகன். அந்தப் பொய் உன்னை எனக்குத் திருப்பித் தந்தது. அதனால்தான் அதைத் திருத்த எனக்கு அவசரம் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து சில மாதத்தில் எட்டாம் வகுப்பில் கிழங்கு வகைகள் பாடம் வந்தது. கரும்பலகையில் "மூடியைத் திறந்து அவிக்க வேண்டும்" என்று எழுதினேன். முன் வாங்குப் பிள்ளை ஒன்று எழும்பி, "டீச்சர், இஞ்சி சேந்தா மௌத்தாம் எண்டு எங்கட உம்மா சொல்ற. உங்கட ராத்தா..." என்று தொடங்கி நாக்கைக் கடித்தது. ஊர் முழுக்கப் போயிருந்தது கதை. "இரி" என்றேன். பிள்ளை உட்கார்ந்துவிட்டது. பல வருடம் அந்தப் பாடத்தைப் படிப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொள்வேன்.

நீ வளர்ந்தாய். எண்பதுகளில் உனக்கு ஞாபகம் இருக்கிற பெரியம்மா, மாம்பழத்தை வேலிக்கு மேலால் கடதாசியில் சுற்றித் தருகிற பெரியம்மா. பெருநாளைக்கு எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் வட்டிலப்பம் வைத்துவிட்டு உனக்கு மட்டும் தட்டைத் தருகிற பெரியம்மா. உன் சுன்னத்துக்குக் குடும்பமே உன்னைச் சுற்றி நின்று சீனி ஊட்டியபோது, அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். அன்று நீ கேட்டாய்: "உம்மா, பெரியம்மாக்கு என்னப் புடிக்காதா?" நான் சொன்ன பதில், "அவட குணம் அப்பிடி." இது இரண்டாவது பொய். முதலாவதை விட நீளமானது. மச்சான்மார் சேர்ந்து "இஞ்சிப் பெரியம்மா" என்று பெயர் வைத்தபோது நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய். அவர் வீட்டில் அன்றிலிருந்து இஞ்சி வாங்கியதே இல்லை. பெருநாள் இறைச்சிக்குக்கூட வெறும் வெள்ளுள்ளிதான். அதையும் சொல்லிச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை அந்த மடித்த விரலைக் கண்ட பிறகு இரண்டு நாள் பொறுத்தேன். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், அடியாருக்குச் செய்ததை அந்த அடியாரிடம்தான் கேட்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஓதி வைத்திருக்கிறோம். ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு அந்த நாற்பது எட்டையும் நடந்தேன். ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீலக்கோடு, மூடி, ஒரு கோப்பை, டொக்டரிடம் சொன்னது. சுளகு நின்றுவிட்டது.

"மூடியா போட்ட?"

"ஓம்."

"நீ படிச்சவளேகா."

"ஓம் ராத்தா."

"அண்டைக்கே தெரியுமா? இஞ்சி இல்ல எண்டு?"

"தெரியும்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"அவன் உங்களத்தான் தேடினான்."

அதற்கு அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுளகிலிருந்த கல்லொன்றைப் பொறுக்கி எறிந்தார். "ஆறு மாசப் புள்ள என்னத்தத் தேடும்? சூட்டத் தேடும், பாலத் தேடும்," என்றார். "நீ வாயத் திறந்து கேட்டிருந்தா நான் தந்திருப்பனே அவன. உன்ட புள்ளதானே." பிறகு, "இப்ப போ" என்றார். போனேன்.

மறுநாள் காலை என் குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சி இரிக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவரே தோலைச் சீவினார், அம்மியில் வைத்துத் தட்டினார், தண்ணீரைக் கொதிக்க வைத்தார். மணம் குசினி முழுக்க எழும்பியது. நின்றபடியே அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். எனக்கு ஒரு கோப்பை ஊற்றவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மன்னிச்சிட்டன் எண்டு நான் இன்னும் சொல்லல்ல. அது எனக்கு வரக்குள்ள சொல்லுவன். ஆனா அவனுக்கு நீதான் எழுதணும். நான் சொன்னா, கிழவி நல்ல பேர் வாங்கப் பாக்கிறா எண்டு நெனப்பான்."

அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதே. மருமகளுக்கு, அவள் உம்மாவுக்கு, அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த உன் மச்சான்மாருக்கு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. இதுவரை எழுதியதை உன் வாப்பாவுக்கு நேற்று நானே வாசித்துக் காட்டினேன். அவர் என்னோடு இன்னும் கதைக்கவில்லை. நீயும் சில நாள் கதைக்காமல் இருக்கலாம். அந்த நாட்களை நான் எண்ண மாட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லாவிட்டாலும், பிழை செய்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: உன் பிள்ளை யாரிடம் தாவுகிறது என்று அளக்காதே. வேறொருவர் கழுத்தில் முகம் வைத்துத் தூங்கினால், அந்தக் கழுத்துக்கு நன்றி சொல்.

பேத்திக்கு வெள்ளிக்கிழமை தொடங்குங்கள். வத்தாளங்கிழங்கு, புத்தகத்தில் சர்க்கரைவள்ளி என்பார்களே, அது நல்லது, இனிப்பாக இருக்கும், நன்றாக அவித்து நார் இல்லாமல் மசித்தால் போதும். மரவள்ளி பிந்தி, அவள் ஓடி விளையாடுகிற காலத்தில். அப்போதும் பிடுங்கிய அன்றே, நீலம் கண்டால் எறிந்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து. வியாழன் பின்னேரம் நீ இங்கே வா, மகன். என் வாசலுக்கு வராதே, நேரே பெரியம்மாவின் வாசலுக்குப் போ. அவரைக் கூட்டிக்கொண்டு போ. பிஸ்மி சொல்லி முதல் வாய் அவர் வைக்கட்டும், கரண்டியால் வேண்டாம், அந்த விரலால். என்னைக் கூப்பிட வேண்டும் என்றில்லை. கூப்பிட்டால் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முதல் நாள் அந்த ஒரு வாய்தான். பிள்ளை இன்னும் வேண்டும் என்று வாயைத் திறக்கும். அந்த வாயைப் பார்த்த பிறகு நிறுத்துவது லேசான காரியமில்லை. பெரியம்மாவுக்கு நிறுத்தத் தெரியும்.

உன் உம்மா